முள், வெயில், சரளை: கரட்டு நிலச் சாலைக்கு கிராண்ட் பிரி 5000 ஏ.எஸ். டி.ஆர். எப்படி?

வறண்ட கரட்டு நிலத்தில் சாலை சைக்கிள் ஓட்டக் கிளம்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது டயரை. ஃப்ரேம், கியர், ஹேண்டில்பார் எல்லாம் அப்புறம். ஓரிடத்தில் தண்ணீர் பிடித்தால் அடுத்த தண்ணீர் 50, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் நிழலும் கிடையாது. அங்கே பஞ்சர் ஆனால் போவது நேரம் மட்டுமல்ல. உட்கார்ந்து ஒட்டும் ஒவ்வொரு நிமிடமும் கையிருப்புத் தண்ணீர் குறைகிறது. அதனால் இந்த நிலத்துக்கு டயர் வாங்கும்போது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை விட, எப்படிப் பழுதாகும், பழுதானால் சாலையோரத்தில் சரிசெய்ய முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கான்டினென்டல் நிறுவனத்தின் கிராண்ட் பிரி 5000 ஏ.எஸ். டி.ஆர். 2023இல் வந்தது. பந்தயத்துக்கான 5000 எஸ். டி.ஆர். டயரின் உடன்பிறப்பு. ஏ.எஸ். என்றால் எல்லாப் பருவத்துக்கும் ஆனது, டி.ஆர். என்றால் டியூப் இல்லாமல் ஓட்ட ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள். விளம்பரமெல்லாம் மழை, குளிர் என்று போகிறது. ஆனால் இதன் குணங்கள் சரியாகப் பொருந்துவது வறண்ட நிலத்துக்கு என்பதுதான் இந்த மதிப்புரையின் கருத்து. எஸ். டி.ஆர். டயரை விட, தரையைத் தொடும் மிதிரப்பரின் தடிமன் கூடுதல். அதற்கு அடியில் வெக்ட்ரான் இழையாலான பாதுகாப்புப் பட்டை. பக்கச்சுவரில் ஒளியைத் திருப்பி அடிக்கும் கோடு. வெயிலுக்குப் பயந்து விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கு அந்தக் கோடு உண்மையாகவே உதவும், ஏனென்றால் குறுக்கே வரும் வண்டிக்குப் பின்விளக்கு தெரியாது, இரண்டு வளையங்கள் தெரியும்.

அகலத்தில் 25, 28, 32, 35 மி.மீ. என நான்கு அளவுகள். இந்த நிலத்துக்கு 25ஐயும் 28ஐயும் மறந்துவிடலாம். ஃப்ரேமில் இடமிருந்தால் 32. சாலை மோசமாகவும் தண்ணீர்ச் சுமை அதிகமாகவும் இருந்தால் 35. வாங்குமுன் ஃபோர்க்கிலும், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஃப்ரேம் குழாய்களான பின் ஸ்டேயிலும் டயருக்கு இருபுறமும் 4 மி.மீ. வெற்றிடம் மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். உள் அகலம் 23 மி.மீ. உள்ள ரிம்மில் மாட்டினால், 32 என்று எழுதியிருக்கும் டயர் சற்று அதிகமாகவே விரியும்.

முள் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாலைகளில் டயரைக் கொல்பவை மூன்று.

முதலாவது நெருஞ்சி. நமக்குத் தெரிந்த அதே நெருஞ்சி, ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ், இன்று அமெரிக்கப் பாலைகளிலும் சாலையோரம் முழுக்கப் பரவியிருக்கிறது. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முட்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கி நிற்கும். சாலை டயர் எதுவானாலும் மிதிப்பகுதியின் தடிமன் மூன்று, நான்கு மி.மீ. அளவுதான், முற்றிய நெருஞ்சி முள்ளோ அதை விட நீளம். ஆகவே இந்த டயர் நெருஞ்சியைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெக்ட்ரான் பட்டை கண்ணாடிச் சில்லையும் கூரான கல்லையும் நன்றாகத் தாங்கும். ஊசி போன்ற முள் இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். முள்ளை ஜெயிப்பது டயர் அல்ல, உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட், அதாவது ஓட்டை விழுந்ததும் அங்கே உறைந்து அடைக்கும் திரவம்.

இரண்டாவது, லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகளிலிருந்து வரும் எஃகுக் கம்பி. தலைமுடியை விடச் சற்றுத் தடிமன், ஒன்றிரண்டு செ.மீ. நீளம். கண்ணுக்குத் தெரியாது. வெயில் நிலத்து நெடுஞ்சாலைகளில் லாரி டயர்கள் அடிக்கடி வெடிப்பதால் ஓரப்பகுதியில் இது ஏராளம்.

மூன்றாவது சீமைக்கருவேல வகை மரங்களின் முள். இது சாலைக்குத் தானாக வராது, வெள்ளம் கொண்டு வரும். கரட்டு நிலத்தில் பாலம் கட்டாமல் ஓடையின் மேலேயே சாலை இறங்கி ஏறும் இடங்கள் நிறைய. திடீர் மழைக்குப் பிறகு அந்தத் தாழ்வுகளில் மணல், சரளை, முள் கிளை எல்லாம் சேர்ந்து கிடக்கும். முள் பெரிதென்றால் மிதிப்பகுதியைத் துளைத்து, ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடி ஒட்டியிருக்கும் ரிம் டேப் வரை போய்விடும். அப்போது சீலன்ட் டயர் ஓட்டையை அடைத்தாலும் டேப்பில் விழுந்த ஓட்டை வழியாக ஸ்போக் துளைகளில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். காரணம் புரியாமல் டயரையே திரும்பத் திரும்பத் தேடுபவர்கள் பலர். டயரில் ஓட்டை தெரியவில்லை, ஆனால் வால்வைச் சுற்றியோ ஸ்போக் நிப்பிள் அருகிலோ ஈரம் தெரிகிறது என்றால் பிரச்சினை டேப்பில்தான்.

இதில் பாதியை ஓட்டும் விதத்திலேயே தவிர்க்கலாம். தார் முடியும் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். நெருஞ்சி வளர்வது அந்த விளிம்பில்தான். நிறுத்தும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு மண்ணில் இறங்காதீர்கள், தூக்கி வையுங்கள். இறங்கி நின்ற ஒரு நிமிடத்தில் பத்து முள் ஏறிவிடும். மறுபடி ஏறுமுன் செருப்பின் அடியையும் பாருங்கள். அங்கிருந்தும் டயருக்கு வரும்.

இனி மாட்டும் வேலை. இந்த டயரின் பீடு, அதாவது ரிம்முக்குள் உட்காரும் விளிம்பு, இறுக்கம். டயரைப் பிடிக்கும் உள்வளைந்த விளிம்பான ஹூக் இல்லாத ரிம்மிலும் பாதுகாப்பாக உட்கார வேண்டும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெறுங்கையால் மாட்டிவிடலாம் என்று நினைத்தால் கட்டைவிரல்தான் நோகும். வரிசை முக்கியம்: வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். பீடு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். வால்வின் அடிப்பாகம் அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீடு இறங்காது. அதனால் அந்த இடத்தைக் கடைசிக்கு வைக்கிறோம். கடைசி ஒரு சாண் நீளம் ஏற மறுத்தால், எதிர்ப்புறம் போய் இரண்டு பீடுகளையும் மறுபடி நடுப்பள்ளத்துக்குள் கிள்ளித் தள்ளிக்கொண்டே வாருங்கள். நூற்றில் தொண்ணூறு தடவை அதுவே போதும். லீவர் தேவைப்பட்டால் பிளாஸ்டிக் மட்டும். இரும்பு லீவர் டேப்பைக் கிழித்தால் முழு வேலையும் திரும்ப முதலிலிருந்து.

டேப் ரிம்மின் உள் அகலத்தை விட 2 மி.மீ. அகலமாக இருக்கட்டும். ஒட்டுமுன் ரிம்மை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெயில் நிலத்தில் டேப்பின் பசை இளகி ஓரம் சுருளுவது சாதாரணம், அழுக்கும் எண்ணெயும் மிஞ்சிய ரிம்மில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று. வால்வுத் துளையைக் கத்தியால் கீறக் கூடாது, கூரான ஊசியால் குத்தி வட்டமாக விரிக்க வேண்டும்; கீறல் பிறகு நீண்டுகொண்டே போகும்.

பீடு உட்காரச் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வுக்குள் இருக்கும் கழற்றக்கூடிய பகுதியான வால்வு கோரைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸரிலோ காற்றுத்தொட்டி உள்ள பம்பிலோ ஒரே மூச்சில் காற்றைச் செலுத்துங்கள். டப் டப் என்று சத்தம் வரும். பிறகு ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது அமுங்கியிருந்தால் காற்றை விட்டு, அந்த இடத்தில் மறுபடி சோப்பு தடவி ஏற்ற வேண்டும். ஹூக் இல்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. மேல் எல்லை. பீடு உட்காரவில்லை என்பதற்காகக் கூட அதைத் தாண்டக் கூடாது.

சீலன்ட் அளவில் பெரும்பாலானவர்கள் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 32 மி.மீ. டயருக்குச் சாதாரணமாக 45 மி.லி. போதும் என்பார்கள். உலர் வெப்பத்தில் 60 ஊற்றுங்கள், 35க்கு 70. சீலன்டில் இருப்பது நீர்ம ரப்பர் பாலும் அதைக் காயாமல் வைத்திருக்கும் திரவமும். அந்தத் திரவம் டயரின் சுவர் வழியாகவே மெல்ல ஆவியாகிப் போகிறது. சாலை டயரின் சுவர் மெல்லியது, காற்றிலோ ஈரப்பதமே இல்லை, டயர் நாள் முழுக்கச் சூடு. மிதமான ஊரில் மூன்று, நான்கு மாதம் தாங்கும் சீலன்ட் இங்கே ஒரு மாதத்திலேயே தோலாகப் படிந்து போய்விடலாம். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. காற்று நிற்கும், டயர் நன்றாக ஓடும், முதல் முள் ஏறியதும்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியும்.

அதனால் மாதம் ஒருமுறை சோதியுங்கள். வால்வைக் கடிகாரத்தின் நான்கு மணி நிலையில் நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். காற்றை இறக்கி, வால்வு கோரைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுங்கள். நுனி நனைந்து வந்தால் சரி. காய்ந்து வந்தால் 30 மி.லி. சேருங்கள். உள்ளே ரப்பர் உருண்டைகள் உருளும் சத்தம் கேட்டால் டயரைத் திறந்து உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது. ஊற்றிக்கொண்டே போனால் எடை கூடும், பயன் கூடாது. பூட்டிய காரின் பின்பகுதியில் சைக்கிளை வெயிலில் விட்டு வைப்பதுதான் சீலன்டைக் கொல்ல மிகச் சுலபமான வழி.

காற்றழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலையில் காலை அழுத்தம் வேறு, மதிய அழுத்தம் வேறு. விடியற்காலை 10 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். மதியம் கொதிக்கும் தாரின் மேல் டயருக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குப் போனால் அதே காற்று 58 பி.எஸ்.ஐ. காட்டும். இதோடு ஏற்றமும் சேரும். அமெரிக்காவின் டெத் வேலி பாலையில் ஃபர்னஸ் க்ரீக் கடல்மட்டத்துக்குக் கீழே. அங்கிருந்து சாலை ஏறும் டான்ட்டேஸ் வியூ சுமார் 1,670 மீட்டர் உயரம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய இன்னும் மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகத் தெரியும். காலையில் சரியாக இருந்த டயர் உச்சியில் கல்லாகிவிடும். அதே டயரில்தான் இறக்கத்தில் திரும்ப வேண்டும்.

எனவே குளிர்ந்த காலையில் நான்கு பி.எஸ்.ஐ. குறைத்தே ஏற்றுங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள், காலை நேரத்துக் குழிகளில் ரிம் அடிபடும். சைக்கிள், ஆள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்றால் 32 மி.மீ. டயருக்கு, சூடான நிலையில் முன்னால் 52, பின்னால் 56 பி.எஸ்.ஐ. நல்ல தொடக்கம். சுமை ஐந்து கிலோ கூடினால் இரண்டிரண்டு கூட்டுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். நான்கு லிட்டரோடு கிளம்பும் சைக்கிளும் காலி பாட்டிலோடு திரும்பும் சைக்கிளும் ஒன்றல்ல. அழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தம் குறைவாக இருந்தால் சீலன்ட் ஓட்டையில் நின்று உறையும். 90 பி.எஸ்.ஐ.யில் அது உறையுமுன் பீய்ச்சி வெளியே போய்விடும், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

சாலையில் இந்த டயர் எப்படி இருக்கிறது? தார் மேல் ஜல்லி தூவி உருட்டிய கரடான சாலைதான் இந்தப் பகுதிகளில் அதிகம். அதில் 32 மி.மீ. அளவு கையையும் இடுப்பையும் காப்பாற்றுகிறது. எஸ். டி.ஆர். டயரை விடச் சில வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும், அதை மறைக்க முடியாது. ஆனால் கரடான பரப்பில் ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதால் தடிமனான மிதிரப்பர் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும். காய்ந்த தாரில், இறக்கத்தில் சாய்ந்து திரும்பும்போது பிடிமானம் மிகவும் நன்றாக இருக்கிறது; சட்டென்று விடாமல், விடப்போவதை முன்னாலேயே உணர்த்துகிறது.

இரண்டு இடங்களில் எந்த டயரும் உதவாது, இதுவும் உதவாது. ஒன்று, வளைவில் காற்று கொண்டுவந்து போட்ட மெல்லிய மணல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சைக்கிளை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். இன்னொன்று, விரிசலை அடைக்கப் பூசிய தார்க்கோடுகள். மதியத்தில் அவை இளகிப் பளபளக்கும். அவற்றின் மேல் சாய்ந்தால் முன்சக்கரம் நழுவும். சக்கரம் கோட்டோடு ஓடாமல் குறுக்காக வெட்டிப் போகட்டும்.

உண்மையான பலவீனம் பக்கச்சுவர். வெக்ட்ரான் பட்டை மிதிப்பகுதிக்குக் கீழே மட்டும்தான். இதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் டயரில் உள்ள டியூராஸ்கின் என்ற பக்கச்சுவர் உறை இதில் இல்லை. மலையை வெட்டிப் போட்ட சாலையில் மேலிருந்து உதிர்ந்த கூரான கற்கள் ஓரத்தில் கிடக்கும். அதில் பக்கவாட்டில் உரசினால் கிழியும். கால்நடை தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே பதித்த கம்பி வரிசைகளை நேராக, உடல் எடையைத் தளர்த்திக் கடக்க வேண்டும். கரட்டு நிலத்தில் தார்ச்சாலையிலிருந்து பிரியும் சரளைப் பாதைகளில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போகும் எண்ணம் இருந்தால் இந்த டயர் வேண்டாம், கிராவல் டயர் வாங்குங்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதைகளுக்கு எந்த டயரோடும் போகாதீர்கள். அங்குள்ள களிமண் நனைந்தால் பசையாகி ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

அப்படியானால் கேட்டர்ஸ்கினே போதாதா என்று கேட்கலாம். பக்கச்சுவருக்கு அது மேல். ஆனால் அதை டியூப் போட்டு ஓட்டுகிறவருக்கு நெருஞ்சி நிலத்தில் ஒரு முள் ஒரு பஞ்சர். மூட்டை கட்டி மெதுவாகப் போகிற நெடும்பயணக்காரருக்கு ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் நல்ல தேர்வு. அதில் 5 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் அடுக்கு முள்ளை நிஜமாகவே தடுக்கிறது. ஆனால் அதன் எடையோடு ஏற்றச் சாலைகளில் சாலை சைக்கிளின் சுகம் போய்விடும்.

பழுது பார்ப்பதில் ஒரு முக்கிய விஷயம். முள் ஏறியதைக் கண்டதும் அதை அங்கேயே பிடுங்காதீர்கள். காற்று இறங்கவில்லை என்றால் முள்ளே அடைப்பாக இருக்கிறது. நிழலில் நிறுத்தியதும் பிடுங்கி, அந்த இடம் தரையைத் தொடும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வைத்தால் சீலன்ட் அங்கே தேங்கி உறையும். சோயா (cholla) என்ற அமெரிக்கப் பாலைக் கள்ளியின் மயிர்போன்ற முட்கள் கொத்தாக ஏறினால் கையால் தொடாமல் சீப்பால் தள்ளிவிடுங்கள். 2, 3 மி.மீ.க்கு மேல் ஓட்டை என்றால் சீலன்டுக்காகக் காத்திருந்து காற்றை இழக்காமல் உடனே பிளக், அதாவது ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி, செருகுங்கள். ஒரு செ.மீ. வெளியே விட்டுச் செருகி, காற்றேற்றி நின்றதும் 3 மி.மீ. மிஞ்சும்படி வெட்டிவிட வேண்டும். காற்றேற்றக் கைப்பம்பே நல்லது. கார்பன் டை ஆக்சைடு குப்பி சில ரப்பர்பால் சீலன்டுகளைத் திரித்துவிடும்.

பிளக்கும் கைகொடுக்காமல் டியூப் போட நேர்ந்தால், அவசரம் வேண்டாம். மாதக்கணக்கில் சீலன்ட் அடைத்த டயரின் உட்புறத்தில் முறிந்த முள்நுனிகள் பத்து, இருபது இருக்கலாம். இவ்வளவு நாள் அவை தொல்லை தரவில்லை. டியூப் போட்ட கணமே அத்தனையும் குத்தும். உட்புறம் முழுக்கத் துணியால் ஒரு சுற்றுத் தேய்த்து, துணி மாட்டும் இடத்திலெல்லாம் சாமணத்தால் இழுத்தெடுங்கள். எஃகுக் கம்பி விரலுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் பழைய டயரின் ஒரு துண்டை உள்ளே வைத்து அதன் மேல் டியூப். ஆக, பையில் இருக்க வேண்டியவை: இரண்டு அளவில் பிளக், 60 மி.லி. சீலன்ட், இரண்டு வால்வு கோரும் அதைக் கழற்றும் சாவியும், சாமணம், பழைய டயர்த் துண்டு, டியூப் இரண்டு, கைப்பம்ப். சாமணத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், சட்டென்று தேவைப்படுவதும் அதுதான்.

மிதிப்பகுதியில் தேய்மானம் காட்டும் இரண்டு சிறு குழிகள் உண்டு. அவை மறைந்தால் டயர் முடிந்தது. ஆனால் இந்த நிலத்தில் பின்டயரை அதற்கு முன்பே மாற்றுவது நல்லது, நடுப்பகுதி தட்டையானதும் முள் ஏறும் வேகம் கண்கூடாகக் கூடும். புதிய டயரை எப்போதும் முன்னால் போடுங்கள், முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுங்கள். இறக்கத்தில் பின்சக்கரம் காற்றிழந்தால் சமாளித்து நிறுத்தலாம், முன்சக்கரம் இழந்தால் முடியாது. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் மிதிரப்பர் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அந்த டயரை இங்கே ஓட்டாதீர்கள்.